பகைவருக்குச் சுகமில்லை

லக்னோ நகரத்தின் பழைய நாகரிகத்தில் ஊறியவர்கள், மதிப்புக்குரிய ஒருவர் நோயுற்றார் என்பதை நேராகச் சொல்ல மாட்டார்கள். 'தங்கள் பகைவர்களுக்கு உடல்நலம் சரியில்லையாமே' என்றுதான் விசாரிப்பார்கள். காய்ச்சலில் படுத்திருப்பவர் நவாபு. வாக்கியத்திலோ அக்காய்ச்சல் பகைவர் தலையில் ஏற்றப்பட்டுவிடுகிறது. நோயைக் குறிக்க அவர்கள் ஆளும் 'நாஸாஸ்' என்ற சொல்லும் நயமானது. இசைவு குலைந்தது என்பது அதன் பொருள். உடல் கெட்டுப் போகவில்லை. சுருதி சற்றே கலைந்திருக்கிறது, அவ்வளவுதான்!

இதை வெறும் உபசார மொழி என்று தள்ளிவிடுதல் பொருந்தாது. நோயின் பெயரை வாயாற் சொல்லத் தயங்குதல் பாரத நாடெங்கும் காணப்படும் பழக்கமாகும். தமிழிலக்கணம் இதற்கு ஓரிடமே ஒதுக்கியிருக்கிறது. 13ஆம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் இயற்றிய நன்னூல், தகுதி வழக்கினை இடக்கரடக்கல், மங்கலம், குழூஉக்குறி என மூன்றாக வகுக்கிறது. அவையிற் சொல்லத் தகாததை மறைத்துச் சொல்வது இடக்கரடக்கல். அமங்கலத்தை மங்கலமாக்கிச் சொல்வது மங்கலம். ஒரு கூட்டத்தார் தமக்குள் மட்டும் வழங்கும் சொல் குழூஉக்குறி. நாட்டின் பல மொழிகளிலும் நோய்களுக்கு வழங்கிவரும் மறைபெயர்களை இம்மூன்றினுள் அடக்கிவிடலாம்.

முதலில் மங்கலத்தைக் காண்போம். பெரியம்மையைப்போல் மங்கலப் பெயர்களைக் குவித்துக்கொண்ட நோய் வேறில்லை. இந்தி வழங்கும் நாட்டில் அதன் பெயர் 'மாதா'. உடலிற் கொப்புளம் கண்டால் 'மாதா வெளிப்பட்டிருக்கிறாள்' என்பர். மராத்தியருக்கு அது 'தேவி'. தெலுங்கர், 'அம்மவாரு' வார்த்திருக்கிறாள் என்று நம்மைப் போலவே சொல்வர். வங்காளிகள் 'வசந்தம்' என்றனர்; வேனிலின் தொடக்கத்தில் அந்நோய் மிகுதியாகப் பரவியதே அதற்குக் காரணம். உடலை நெருப்பாய்க் காய்ச்சும் நோய்க்கு வடநாட்டார் வகுத்த தெய்வமோ 'சீதளா', அதாவது குளிர்ந்தவள்! துடைப்பமும் நீர்க்குடமும் ஏந்தி, கழுதைமேல் ஏறி வருபவள் அவள். நம் தென்னாட்டு மாரியின் பெயரிலும் மழையின் குளிர்ச்சி இருக்கிறது. கொப்புளங்களைப் புண் என்னாமல் 'முத்து' என்றது நம்மவர் செய்த அணி.

இப்பெயர்களால் பயனும் உண்டு. அம்மை கண்ட வீட்டு வாயிலில் வேப்பிலை செருகப்பட்டது. அயலார் வரவு நின்றது. தலைக்குத் தண்ணீர் விடும்வரை நோயாளி தனியே வைத்துப் பேணப்பட்டார். முகம் சிதைந்த குழந்தையை அருவருத்து ஒதுக்காமல், அம்பிகை வந்து தங்கிய இடமாகக் கருதச் செய்தது அச்சொல்.

1802ஆம் ஆண்டு பம்பாயில் முதல் தடுப்பு அம்மை குத்தப்பட்டது. அதன் பின் ஒரு வேடிக்கை நிகழ்ந்தது. நோய்க்குரிய தெய்வப் பெயரையே மருந்தும் எடுத்துக்கொண்டது. நாம் 'அம்மை குத்துதல்' என்றோம். மராத்தியரும் அச்செயலைத் தேவியின் பெயராலேயே வழங்கினர். வருபவளும் அம்மை, குத்தப்படுபவளும் அம்மை! சென்னைக் கலெக்டராக விளங்கிய தமிழறிஞர் எல்லிஸ் துரை இதன் நுட்பத்தை நன்குணர்ந்தவர். அம்மைப்பால் குத்திக்கொள்ள மக்கள் அஞ்சியபோது, தன்வந்திரிக்கும் சக்திக்கும் நிகழும் உரையாடலாக ஒரு கதையைத் தமிழில் இயற்றினார். தெய்வத்தின் பெயரைச் சொல்லித் தடுக்கும் மக்களைத் தெய்வத்தின் வாயாலேயே இசைவிக்க முயன்றார் அவர்.

தெய்வத்திற்கு அடுத்தபடி அரசன். உடலை உருக்கும் காசநோய்க்கு வடமொழி மருத்துவ நூல்கள் இட்ட பெயர் 'ராஜயக்ஷ்மா'. விண்மீன்களுக்கு அரசனாகிய சந்திரன் தன் மனைவியர் இருபத்தெழுவருள் ரோகிணியிடம் மட்டும் பேரன்பு காட்டியதால், அவர்கள் தந்தையாகிய தக்ஷன் சினந்தான். சந்திரன் தேய்ந்தான் என்பது கதை. அரசனையே முதலிற் பற்றிய நோயாதலின் அரசப் பெயர் பெற்றது. இருமி இளைத்த ஏழைக்கு இதனால் என்ன ஆறுதல் கிடைத்திருக்கும் என்று கேட்கலாம். தேய்ந்த சந்திரன் மீண்டும் வளர்கிறான் அல்லவா? அந்த நம்பிக்கை பெயரிலேயே அடங்கியிருக்கிறது.

இனி இடக்கரடக்கல். வயிற்று உபாதையைப் பற்றியன்றோ வாய் மிகவும் கூசுகிறது! நம் ஊரில் 'வயிறு போகிறது' என்பர். இந்திக்காரர் 'வயிறு நடக்கிறது' என்பர். போவதற்கும் நடப்பதற்கும் வேகத்திலன்றி வேறுபாடில்லை. இவ்வகை நோய்களுள் கொடியதாகிய வாந்திபேதியின் பெயர் ஒன்று கடல் கடந்த வரலாறுடையது. உடலை முறித்துப் போடுவது என்ற கருத்தில் கொங்கண, மராத்திய மக்கள் அதனை 'மோட்சி' என்றனர். கோவாவில் வாழ்ந்த போர்த்துகீசிய மருத்துவர் கார்சியா த ஓர்த்தா, 1563இல் வெளியிட்ட தம் நூலில் இந்நோயை விவரித்து, உள்நாட்டுப் பெயரைத் தம்மவர் 'மோர்தெஷி' எனத் திரித்தமையையும் குறித்தார். பின்னர் வந்த பிரெஞ்சுக்காரர் செவியில் அது 'மோர் த ஷியன்' என்று விழுந்தது. அவர்கள் மொழியில் அதற்கு 'நாய்ச்சாவு' என்று பொருள்! ஒருவருடைய அடக்கமான சொல், இரண்டு துறைமுகம் தாண்டுவதற்குள் மற்றொருவருடைய வசைச்சொல்லாகிவிட்டது. மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட நமக்கு இதனினும் நல்ல எச்சரிக்கை வேண்டியதில்லை.

குழூஉக்குறியில் நகைச்சுவை மிகுதி. இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் இங்கு வந்திருந்த அயல்நாட்டுப் படைவீரர்கள், புதிய உணவும் நீரும் ஒவ்வாமல் அவதியுற்றபோது, அந்நோய்க்கு 'டெல்லி பெல்லி' என எதுகையோடு பெயரிட்டனர். தலைநகரின் தலையில் அவ்வாறு ஏறிய வயிற்றுவலி இன்றும் இறங்கவில்லை.

ஆயினும் பழிபோடும் கலையில் நம் நாட்டவரும் குறைந்தவரல்லர். பதினாறாம் நூற்றாண்டில் பாவமிச்ரர் இயற்றிய பாவப்பிரகாசம் என்னும் மருத்துவ நூல், ஐரோப்பியரோடு வந்த மேகநோய்க்கு 'பிரங்க ரோகம்' என்றே பெயர் சூட்டியது. தமிழிலும் அது 'பறங்கிப்புண்' ஆயிற்று. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் அஸ்ஸாமைச் சூறையாடிய காலா அஸார் என்னும் கருங்காய்ச்சலை, காரோ மலைவாசிகள் 'சர்க்காரி பேமாரி', அதாவது அரசாங்க வியாதி என்றழைத்தனர். ஆங்கில ஆட்சி மலையேறி வந்த பிறகே அந்நோயும் வந்தது என்பது அவர்கள் கணக்கு. அரசாங்க ஊழியர்களாகிய நாம் இப்பெயரைக் கேட்டுச் சற்றே கூசத்தான் வேண்டும். அந்நோய்க் கிருமியை 1903ஆம் ஆண்டில் லண்டனில் லீஷ்மனும் சென்னையில் டோனவனும் தனித்தனியே கண்டு வெளியிட்டனர். 1920க்குப் பின் கல்கத்தாவின் உபேந்திரநாத் பிரம்மச்சாரி அளித்த யூரியா ஸ்டிபமைன் மருந்து எண்ணிறந்த உயிர்களைக் காத்தது.

நம் காலத்தில் திரையின் துணி மாறியிருக்கிறதே அன்றித் திரை அகலவில்லை. தெய்வமும் அரசனும் இருந்த இடத்தில் ஆங்கில எழுத்துகள் வந்து அமர்ந்திருக்கின்றன. காசம் என்னக் கூசுபவர் 'டி.பி.' என்கிறார். நீரிழிவு 'சுகர்' ஆகி, இனிப்பான செய்தியாகிவிட்டது. 'எனக்கு பி.பி. இருக்கிறது' என்று வருந்தாதார் அரியர். இரத்த அழுத்தம் ஒருவருக்கு அறவே இல்லையெனில், வருந்த அவர் இருக்கமாட்டார் என்பதை எவரும் எண்ணுவதில்லை.

இவ்வளவும் சிரித்து மகிழத்தக்கனவே. ஆனால் திரை எப்பொழுதும் தீங்கற்றதன்று. 1974ஆம் ஆண்டில் மட்டும் இந்தியாவில் ஏறத்தாழ 1 லட்சத்து 88 ஆயிரம் பேரைப் பெரியம்மை பற்றியதாகக் கணக்கிருக்கிறது. பீகார் கிராமங்களில் வீடுவீடாகச் சென்று தேடிய சுகாதார ஊழியர்களுக்கு 'மாதா' என்ற சொல் வழிகாட்டியாகவும் இருந்தது, தடையாகவும் இருந்தது. பெரிய மாதாவும் மாதா, சின்ன மாதாவும் மாதா. தெய்வம் வந்திருக்கும் வீட்டை அரசாங்கத்துக்குக் காட்டிக் கொடுக்கத் தயங்கியோரும் உண்டு. ஆகவே ஊழியர்கள் சொல்லை விட்டுப் படத்தைக் கையில் எடுத்தனர். அம்மை கண்ட குழந்தையின் படம் பொறித்த அட்டையைக் காட்டி, 'இப்படி யாருக்கேனும் இருக்கிறதா?' என்று கேட்டனர். தகவல் தருவோர்க்கு அறிவித்த பரிசு 1975இல் ஆயிரம் ரூபாய்வரை உயர்ந்தது. அவ்வாண்டு மே மாதத்தோடு இந்தியாவில் அந்நோய் முடிவுற்றது. 1980இல் உலகமே அதனின்று விடுபட்டதாக அறிவிக்கப்பட்டது.

தொழுநோயின் கதை இன்னும் வருந்தத்தக்கது. அதன் பெயரைச் சொல்ல அஞ்சி, வடமொழியில் 'மஹாரோகம்' என்றும் தமிழில் 'பெருநோய்' என்றும் வழங்கினர். பெயரில் நோய் பெரிதாயிற்று. அதனாற் பீடிக்கப்பட்டவரோ ஊருக்கு வெளியே சிறியவரானார். 1982ஆம் ஆண்டு முதல் கூட்டு மருந்துச் சிகிச்சையால் அது முற்றிலும் குணமாக்கத்தக்க நோயாகிவிட்டது. இருந்தும், நோயாளரைப் பிரித்தடைக்க வகைசெய்த 1898ஆம் ஆண்டுச் சட்டம் 2016இல்தான் அதிகாரபூர்வமாக நீக்கப்பட்டது. நோய்க்குத் தந்த மரியாதையை நோயாளருக்குத் தர மறந்த சமூகத்தின் சான்று இது.

எனவே நாம் கொள்ளத்தக்கது ஒன்றே. மறைபெயர் என்பது ஒரு போர்வை. நடுங்கும் நோயாளிக்கு அதனைப் போர்த்துவது பண்பு. நோயின்மேற் போர்த்தி அதனை ஒளித்து வைப்பது கேடு. கட்டிலருகே அமர்ந்து பேசும்போது லக்னோக்காரரின் நயம் நமக்கு இருக்கட்டும். மருத்துவரிடம் சென்று நாடியைக் காட்டும்போது மட்டும், சுகமில்லாதவர் நம் பகைவரல்லர், நாமேதான் என்று ஒப்புக்கொள்வோம்.