குதிரையும் நிலமும்

சிறு முதலீட்டுப் படங்களைத் திரைப்பட வரலாறு பெரும்பாலும் அடிக்குறிப்போடு நிறுத்திவிடுகிறது. ஆனால் ஒரு காலத்து மக்கள் எதைப் பார்த்துப் பழகினார்கள் என்பதை அறியப் பெரும்படங்களைவிட இவையே உதவும். ஹொலிவூட்டின் மலிவுக் கௌபாய் படங்கள் இதற்கு நல்ல சான்று.

1930களின் பொருளாதார மந்தத்தின்போது அமெரிக்கத் திரையரங்குகள் பல, ஒரு நுழைவுச்சீட்டுக்கு இரண்டு படங்களைக் காட்டின. இரண்டாவது படம் ஒரு மணித்தியாலம் ஓடினாற் போதும். மொனோகிராம், 1935இல் தோன்றிய ரிபப்ளிக் போன்ற சிறு நிறுவனங்கள் அவற்றைச் சொற்ப நாட்களில் எடுத்து முடித்தன. வெட்டவெளிக்கு அரங்கச் செலவில்லை. வெயிலுக்கு விளக்குச் செலவில்லை. 1939இல் ‘ஸ்டேஜ்கோச்’ வந்து உயர்த்தும்வரை ஜோன் வெயினும் இத்தகைய படங்களிலேயே உழன்றார். 1950களில் தொலைக்காட்சி இவற்றின் இடத்தைப் பிடித்துக்கொண்டது.

செலவில்லாமற் கிடைத்த அந்த வெளி, ஆளில்லாத வெளியா? பூர்வகுடிகள் வாழ்ந்த நிலம் அது. இப்படங்கள் பலவற்றில் அவர்கள் தென்படுவதேயில்லை. தென்பட்டாலும் பெயரற்ற எதிரிகளே. உரியவர் மறைக்கப்பட, நிலத்தகராறு குடியேறிகளுக்கிடையிலான வழக்காகச் சுருங்கியது.

இந்தக் குதிரை தமிழுக்கும் வந்தது. ‘கற்பகம்’ (1963) படத்தின் ஒளிப்பதிவாளரான கர்ணன், பின்னர் இயக்குநராகி, ஜெய்சங்கரைக் கொண்டு ‘காலம் வெல்லும்’ (1970), ‘கங்கா’ (1972), ‘ஜக்கம்மா’ (1972) ஆகியவற்றை எடுத்தார். வேட்டி கட்டும் ஊரில் கௌபாய் தொப்பியா என்று நகைத்தோர் உண்டு. ஆயினும் ‘காலம் வெல்லும்’ படத்தின் நாயகன் யார்? நிலவுடைமையாளரின் கொடுமையாற் கொள்ளையர் கூட்டத்திற் சேரும் விவசாயி. தொப்பி இரவல், வழக்கு நம்முடையது. ஹொலிவூட் மறைத்த கேள்வியை, இன்னொரு வடிவிலேனும் இப்படம் தொட்டது. பின்வந்தவற்றில் சாகசமே மேலோங்கியது என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

இரவல் என்பதற்காக மட்டும் ஒன்றை ஒதுக்குவது எங்கள் தீவகத்தாருக்குப் பொருந்தாது. அமெரிக்க மேற்கின் குதிரைகள் ஸ்பானியர் கொண்டுவந்தவை. நெடுந்தீவில் இன்றும் திரியும் குதிரைகளின் மூதாதைகளைப் போர்த்துக்கேயர் கொண்டுவந்ததாகச் சொல்வர். ஒல்லாந்தர் அவற்றைப் பெருக்கினர். இன்று அவை நெடுந்தீவுக் குதிரைகளே. ஆகவே பழைய கௌபாய் படமொன்றை மாணவர்க்குக் காட்ட நேர்ந்தால், துப்பாக்கி யார் கையில் என்பதோடு நிற்காமல், அந்த நிலத்தில் முன்பு யார் இருந்தார் என்றும் கேட்கப் பழக்குவோம்.