குழந்தைகளும் துக்கம் காக்கிறார்கள்



சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் பங்கில், பனியன் கம்பெனியில் டைலராக இருந்த ஒருவர் மாரடைப்பால் இறந்தார். தென்மாவட்டத்திலிருந்து திருப்பூருக்குப் பிழைக்க வந்த குடும்பம். இரவோடு இரவாக ஆம்புலன்சில் உடலைச் சொந்த ஊருக்குக் கொண்டுசென்று அடக்கம் செய்தார்கள். பத்து நாளில் தாய் வேலைக்குத் திரும்பினார். வாடகையும் கடனும் காத்திருக்கவில்லையே! அவருடைய எட்டு வயது மகனிடம், "அப்பாவைக் கடவுள் கூப்பிட்டுக்கொண்டார்" என்று ஆறுதல் சொன்னேன். அதன்பின் அவன் மறைக்கல்விக்கு வரவில்லை. ஏன் என்று கேட்டபோது, "அம்மாவையும் கூப்பிட்டுருவாரா ஃபாதர்?" என்றான். தவறு என்னுடையது.

பெரியவர்களின் துக்கத்தை நாம் அறிவோம். ஏழாம் நாள், முப்பதாம் நாள் திருப்பலி உண்டு. அன்பியத்தார் வீட்டில் செபமாலை சொல்வார்கள். ஆனால் குழந்தையின் துக்கம்? 'சின்னப் பிள்ளை, மறந்துவிடும்' என்று விளையாட அனுப்பிவிடுகிறோம்.

சுனாமி கற்றுத்தந்த பாடம்

2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை தமிழகக் கடற்கரையைத் தாக்கியது. நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் 6,000-க்கும் மேற்பட்டோர் இறந்தனர். வேளாங்கண்ணிக்கு வந்திருந்த திருப்பயணிகளும் அவர்களில் அடங்குவர். பெற்றோரை இழந்த குழந்தைகளுக்காக நாகையில் அன்னை சத்யா அரசு காப்பகம் தொடங்கப்பட்டது. பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல நிறுவனத்தினர் தன்னார்வலர்களுக்குப் பயிற்சி அளித்தனர். படம் வரைதல், விளையாட்டு, கதை ஆகியவற்றின் வழியாகக் குழந்தைகள் தங்கள் பயத்தை வெளிப்படுத்த இடம் கிடைத்தது.

அன்று நாகை ஆட்சியராகப் பொறுப்பேற்ற திரு. ஜெ. ராதாகிருஷ்ணன், மாற்றலாகிச் சென்ற பின்னும் அந்தக் காப்பகப் பிள்ளைகளைப் பார்க்க வந்துகொண்டே இருந்தார். அங்கு வளர்ந்த ஒரு பெண்ணின் திருமணத்தில் 2022-ஆம் ஆண்டு அவர் முன்னின்றதை நாளிதழ்களில் வாசித்திருப்பீர்கள். பிள்ளையின் துக்கம் முப்பது நாளில் முடிவதில்லை. யாராவது ஒருவர் கூடவே இருக்கவேண்டும் என்பதே இது சொல்லும் பாடம்.

நாம் என்ன செய்யலாம்?

1. உண்மையைச் சொல்லுங்கள். 'தூங்குகிறார்' என்றால் குழந்தை தூங்கவே பயப்படும். 'ஊருக்குப் போயிருக்கிறார்' என்றால் வாசலைப் பார்த்துக்கொண்டே இருக்கும். 'அப்பா இறந்துவிட்டார், இனி வரமாட்டார், உன்னை நாங்கள் பார்த்துக்கொள்வோம்' என்று எளிமையாகச் சொல்லுங்கள்.

2. குற்ற உணர்வைப் போக்குங்கள். 'நான் அடம்பிடித்ததால்தான் செத்துப்போனார்' என்று நினைக்கும் சிறுவர்கள் பலர். 'உன்னால் இல்லை' என்று திரும்பத் திரும்பச் சொல்லவேண்டும்.

3. அடக்கச் சடங்கிலிருந்து விலக்காதீர்கள். அங்கே என்ன நடக்கும் என்பதை முன்கூட்டியே விளக்குங்கள். விரும்பினால் அழைத்துச் செல்லுங்கள், விரும்பாவிட்டால் வற்புறுத்தவேண்டாம்.

4. 'நீதான் இனி வீட்டுக்கு ஆம்பளை' என்று சொல்லாதீர்கள். அந்தப் பாரம் பன்னிரண்டு வயதுத் தோளுக்கு ஆகாது. அவன் படிப்பை விட்டுவிட்டுக் கைமடிக்கப் போவது பல நேரங்களில் இந்தச் சொல்லிலிருந்துதான் தொடங்குகிறது.

5. உரிமைகளைப் பெற்றுத்தாருங்கள். இறந்தவர் பி.எஃப். உறுப்பினர் என்றால் மனைவிக்கும், 25 வயது வரை இரண்டு பிள்ளைகளுக்கும் ஓய்வூதியம் உண்டு. வேலையில் ஏற்பட்ட விபத்தால் இறந்தால் ஈ.எஸ்.ஐ. வழியாகச் சார்ந்தோர் உதவித்தொகை கிடைக்கும். பெற்றோர் இருவரையும் இழந்த வறிய பிள்ளைகளுக்கு 18 வயது வரை மாதம் 2,000 ரூபாய் வழங்கும் 'அன்புக்கரங்கள்' திட்டத்தைத் தமிழக அரசு 2025 செப்டம்பரில் தொடங்கியது. படிவம் நிரப்பத் தெரிந்த ஒருவர் ஒன்றரை ஷிப்ட் ஓடும் அந்தத் தாயுடன் அலுவலகத்துக்கு ஒருநாள் போய்வந்தால், அதுவே பெரிய செபம்.

வாரங்கள் கடந்தும் குழந்தை உண்ணாமல், உறங்காமல், யாரிடமும் பேசாமல் இருந்தால் 14416 என்ற இலவச மனநல உதவி எண்ணை அழையுங்கள். பாதுகாப்பு தேவைப்படும் குழந்தைகளுக்கு 1098.

யோபுவின் நண்பர்கள் ஏழு நாள் ஒன்றும் பேசாமல் அவரோடு தரையில் அமர்ந்திருந்தார்கள் (யோபு 2:13). வாய் திறந்த பிறகுதான் அவர்கள் தவறினார்கள். இலாசரின் கல்லறையருகே ஆண்டவர் இயேசுவும் கண்ணீர் விட்டார் (யோவான் 11:35). ஆகவே, பிள்ளைகளுக்கு முன் நாம் அழுவதில் வெட்கமில்லை.

வரும் கல்லறைத் திருநாளில், நவம்பர் 2 அன்று, தந்தையின் கல்லறை தொலைதூர ஊரில் இருப்பதால் போகமுடியாத பிள்ளை உங்கள் காம்பவுண்டிலும் இருக்கலாம். அதை உங்கள் வீட்டுக்கு அழையுங்கள். தந்தையின் படத்துக்கு முன் ஒரு மெழுகுதிரி ஏற்றச் சொல்லுங்கள். அவரைப் பற்றிச் சொல்லக் கேளுங்கள். அந்தச் சிறுவன் சில மாதங்கள் கழித்து மறைக்கல்விக்குத் திரும்பி வந்தான். நான் சொன்ன பதில் எதுவும் அவனை அழைத்துவரவில்லை. பக்கத்து வீட்டுப் பாட்டி ஒருவர் ஞாயிறுதோறும் அவன் கையைப் பிடித்துக் கூட்டிவந்தார்.