கங்காவதரணப் படமும் அதன் காப்பும்

சைவ நன்மக்கள் இல்லங்களிற் பூசையறைச் சுவரை அணிசெய்யும் பழைய வண்ணப் படங்களை வழிபட்டார் பலர். அவை எங்ஙனம் தோன்றின என ஆராய்ந்தார் சிலரே. வீடு புதுப்பிக்குங்கால் அவை குப்பையிற் சேர்வதும், சட்டத்தின் பொருட்டு விலைபோவதும் இதனானே.

அவற்றுள் தலையாயது கிளிமானூர் இரவிவர்மா (1848-1906) வரைந்த கங்காவதரணம். அவர் 1894-இல் பம்பாயில் நிறுவிய கல்லச்சுக்கூடம், பிளேக் நோய்க் காலத்தின் பின்னர் லோணாவளையை அடுத்த மளவலிக்கு மாறியது. பின் ஷ்லைஷர் என்னும் ஜெர்மானியர் கைப்பட்டு, 1972-இல் தீக்கிரையாயிற்று.

கல்லச்சில் ஒவ்வொரு வண்ணத்திற்கும் ஒவ்வொரு கல் வேண்டும். அக்கல்மேல் உருவை இடவலம் மாற்றி மெழுகு மையால் வரைந்து, ஒன்றன்மேலொன்றாகப் பதிப்பர். ஆகலின் உருப்பெருக்குக் கண்ணாடியால் நோக்குவார்க்குக் கைப்பட இட்ட புள்ளிகள் ஒழுங்கின்றித் தோன்றும். பிற்காலத்து ஆப்செட் படியிலோ புள்ளிகள் வலைக்கண்போல் நிரல்பட நிற்கும். பழம்படியையும் புதுப்படியையும் பிரித்தறிய இஃதொன்றே பெரும்பாலும் போதும். அடியோரத்து அச்சகப் பெயர் உளதேற் காலமும் ஒருவாறு துணியலாம். சட்டத்திற்கேற்ப ஓரத்தை வெட்டியெறிந்தார் அச்சான்றையும் உடன் எறிந்தாராவர்.

இனி, உருவமைதி. ஆகமங் கூறும் கங்காதர மூர்த்திக்குத் திருக்கரம் நான்கு. சடையொன்றை ஒரு கரம் ஏந்தும். திருச்சிராப்பள்ளிக் குன்றின் மகேந்திரவர்மன் குடைவரையில் அவ்வமைதியைக் காணலாம். இப்படத்திலோ இறைவன் இருகரத்தனாய்க் காலூன்றி நின்று வானை நோக்குகின்றான், அம்மை விடையின்மேற் சாய்ந்து நிற்கின்றாள், பகீரதனும் உளன். ஆகம வழுவென்று இதனை இகழ்வாருமுளர். படம் ஆன்மார்த்த இலிங்கமன்று, பிரதிட்டை செய்யப்பட்டதுமன்று. கோயிலுட் புகவொண்ணாது தடுக்கப்பட்டிருந்தார் குடிலுக்குள்ளும் சிவவடிவைச் செலுத்தியது இவ்வச்சுத்தாளே என்பதை அவர் நினைந்திலர்.

காக்கும் முறையிலேதான் இடர்ப்பாடு. வெயில் வண்ணத்தை வெளிறச் செய்யும். பின்னே வைத்த பலகையின் புளிப்பு தாளைப் பழுப்பாக்கி நொறுக்கும். ஈரம் பூஞ்சணத்தையும், இருள் இராமபாணப் பூச்சியையும் வளர்க்கும். கண்ணாடி தாளில் ஒட்டாதவாறு இடைவெளிவிட்டு, புளிப்பற்ற அட்டையிற் சட்டமிடுதல் நன்று. ஒட்டுத்தாளும் பசையும் ஆகா. வார்னிஷ் பூசிய படத்தை நீரால் துடைத்தல் பெருங்கேடு.

ஆயினும் தாளின்மேலேயே இட்ட சந்தனமும் குங்குமமும் என் செய்வது? விலைமதிப்போர் அவற்றைக் கறையென்று கழித்துக் குறைவிலை கூறுவர். பாட்டனார் இட்ட பொட்டைச் சுரண்டி மாசற்ற படி ஆக்குவார் வணிகர்க்கு உதவுவாரேயன்றிக் குலத்தார்க்கு உதவார். சுரண்டுங்கால் வண்ணமும் உடன் பெயரும். பழம்பொட்டு அவ்வாறே நிற்க. புதியது கண்ணாடியின்மேல் இடுக. விளக்கைச் சுவரினின்று இரண்டு முழம் தள்ளி வைப்பின் கரியும் படியாது, வழிபாடும் குறையாது.