மெயின்ஃப்ரேம் வேலைக்கு கோபோல் மட்டும் போதுமா? சிஸ்டம் புரோகிராமர் ஆக எந்த மொழி படிக்கணும்? - முழு விளக்கம்

மதுரை வண்டியூருக்குப் பக்கத்தில், இலந்தைக்குளத்தில் எல்காட் ஐடி பூங்கா இருக்கிறது. அந்த வழியா காலேஜ் போற மாணவர்களுக்கு 'மெயின்ஃப்ரேம் படிங்க, வேலை நிச்சயம்' என்ற பேச்சு புதுசு இல்லை. ஆனா ஃபீஸ் கட்டும் முன் ஒன்றைத் தெளிவாக்கிக்கோங்க: அப்ளிகேஷன் எழுதப் போறீங்களா, சிஸ்டத்துக்கு உள்ளேயே இறங்கப் போறீங்களா? அதைப் பொறுத்து படிக்க வேண்டிய மொழியே மாறும்.

மெயின்ஃப்ரேம் என்றால் என்ன?

பெரிய வங்கி, இன்சூரன்ஸ், கிரெடிட் கார்டு நிறுவனங்களின் கணக்கு வழக்குகளை ஒரே நேரத்தில் கையாளும் ராட்சத கம்ப்யூட்டர். ஐபிஎம் நிறுவனம் 1964 ஏப்ரல் 7-ல் சிஸ்டம்/360-ஐ அறிவித்தது. அதன் அடுத்த தலைமுறையான 370/155, 1973-ல் சென்னை ஐஐடிக்கு வந்தது. அந்தக் குடும்பத்தின் வாரிசுதான் இன்றைய ஐபிஎம் இசட். அதனால் பழைய புரோகிராம்கள் பல இன்றும் ஓடுகின்றன.

கோபோல் எதற்கு?

1959-ல் உருவான கோபோல், வட்டி, பில், பாலிசி போன்ற கணக்குகளுக்கானது. ஆபரேட்டிங் சிஸ்டத்தின் உள் வேலைக்கு அது பொருந்தாது.

சிஸ்டம் வேலைக்கு எவை?

* அசெம்பிளர்: இசட்/ஓஎஸ் தன் வேலைக்கு நடுவே 'இங்கே உங்க கோடைச் சேர்த்துக்கலாம்' என்று சில இடங்களை விட்டிருக்கும். அவற்றுக்குப் பெயர் 'எக்ஸிட்'. இவை பெரும்பாலும் அசெம்பிளரில்தான் எழுதப்படுகின்றன.
* மெட்டல் சி: சி மொழியில் எழுதினால், கம்பைலர் அதை அசெம்பிளர் கோடாக மாற்றித் தரும். வழக்கமான ரன்டைம் தேவையில்லை.
* ரெக்ஸ்: தினசரி வேலைகளை ஆட்டோமேட் செய்ய.
* பிஎல்/எக்ஸ்: ஐபிஎம் தனக்குள் பயன்படுத்தும் மொழி. இதைத் தேடி அலைய வேண்டாம்.

சி தெரிந்தால் அசெம்பிளர் வேண்டாமா?

வேணும். அனுமதி இல்லாத மெமரியைத் தொட்டால் புரோகிராம் 'எஸ்0சி4' என்று நின்றுவிடும். அப்போது கையில் கிடைக்கும் டம்ப்பில் இருப்பது 16 ரிஜிஸ்டர்களும் மெஷின் கோடும்தான். அதைப் படிக்கத் தெரியாட்டி தப்பு எங்கே என்று சொல்ல முடியாது. உயர் அனுமதியில் ஓடும் கோடில் தவறு நடந்தால், ஒரு புரோகிராம் மட்டுமல்ல, மொத்த சிஸ்டமே முடங்கலாம்.

சி தெரிந்தவர்களும் சறுக்கும் இடம்

நம்ம லேப்டாப்பில் 'ஏ' எழுத்தின் ஹெக்ஸ் மதிப்பு 41. மெயின்ஃப்ரேமின் எப்சிடிக் முறையில் அது சி1. அங்கே 'ஐ' சி9, அடுத்த 'ஜே' டி1. நடுவில் இடைவெளி! 'ஏ' முதல் 'இசட்' வரை ஒவ்வொன்றாகக் கூட்டிப் போகும் லூப், எழுத்தே இல்லாதவற்றையும் எடுத்துக்கும்.

எங்கிருந்து தொடங்குவது?

முதலில் சி. அடுத்து அசெம்பிளர், எழுதுவதற்கு முன் வாசிக்கப் பழகுங்க. கூடவே ரெக்ஸ், ஜேசிஎல். ஐபிஎம் இசட் எக்ஸ்ப்ளோர் தளத்தில் இலவசமாகவே பயிற்சி எடுக்கலாம். ஹெர்குலிஸ் என்ற இலவச எமுலேட்டர் இருந்தால், பழைய எம்விஎஸ் 3.8 சிஸ்டத்தை லேப்டாப்பிலேயே ஓட்டிப் பார்க்கலாம்.

கோர்ஸ் சேரும் முன் கேட்க வேண்டியது ஒன்றுதான்: "அசெம்பிளரும் டம்ப் படிக்கவும் சொல்லித் தருவீங்களா?" கோபோல், ஜேசிஎல், டிபி2 மட்டும்தான் என்றால் அது அப்ளிகேஷன் கோர்ஸ். அதுவும் நல்ல வேலைதான். ஆனா நீங்க தேடிப் போன வேலை அது இல்லை.