பழஞ்சேலையிலிருந்து ரீசேட் போர்வை வரை

வெருகல் பக்கத்து வீடுகளில் துணி லேசில் குப்பைக்குப் போனதில்லை. நைந்த நூற்சேலை பிள்ளைக்கு ஏணையாகும். ஏணை கிழிந்தால் அணைதுணி. வெள்ளை வேட்டியின் மிச்சம் விளக்குத்திரி. மார்கழி மழைக்கு நாலாக மடித்த அம்மாவின் சேலையே போர்வை. மகாவலியின் கிளை கடலோடு சேரும் இந்த வெக்கையில் அதற்குமேல் யாருக்கும் தேவைப்படவில்லை.

வேறிடங்களில் இதே பழஞ்சேலை கலையாக வளர்ந்தது. வங்காளப் பெண்கள் சேலைகளை அடுக்கி, கரையிலிருந்து உருவிய நூலாலேயே காந்தா தைத்தார்கள். அதை வைத்து ஜசிமுத்தீன் 1929 இல் 'நக்சி காந்தார் மாத்' என்ற கதைப்பாடலையே எழுதினார். கர்நாடகத்தின் உத்தர கன்னடத்தில், ஆபிரிக்க வழிவந்த சித்திப் பெண்களின் போர்வை ஓரத்தில் தொடங்கி நடுவை நோக்கி வளரும். மூலைகளில் 'பூ' எனப்படும் சிறு துண்டுகளை வைக்காவிட்டால் அது அம்மணமாக இருக்கிறது என்பார்கள். எமக்கு மிகவும் பிடித்த செய்தி இது.

எமது நாட்டில் சேலையின் இடத்தை ரீசேட் மெல்லமெல்லப் பிடித்தது. 1978 இல் கட்டுநாயக்க வர்த்தக வலயம் வந்தது. பெண்கள் தைத்த ஆடைகள் ஏற்றுமதி வருமானத்தில் தேயிலையையே முந்தின. 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பின்னர் நிவாரண மூட்டைகளிலும் ரீசேட்டுகள் வந்தன, யார் யாருடையவோ பெயரும் சின்னமும் நெஞ்சில் அச்சிட்டபடி. 2006 இல் ஈச்சிலம்பற்று, வெருகல் மக்கள் போருக்குத் தப்பி வாகரைக்கும், அங்கிருந்து மட்டக்களப்பு முகாம்களுக்கும் போனபோது உடுத்ததே மிச்சம் என்றானவர்கள் பலர். கலியாணப் படமும் பள்ளிச் சான்றிதழும் கொண்டுபோக முடியாதவர்களிடம் அந்த ரீசேட் மட்டும் இருந்தது.

சேலையில் இல்லாதது ரீசேட்டில் உண்டு: எழுத்து. இல்ல விளையாட்டுப் போட்டி, வகுப்பின் பிரியாவிடை, ஆண்டு எல்லாம் அதில் இருக்கும். கனடாவிலும் லண்டனிலும் உள்ள எமது சகோதரிகள் இவற்றை வெட்டிப் போர்வை தைக்க விரும்பினால், வட அமெரிக்காவில் இது பழகிய கைவேலை. பின்னல் துணி இழுபடும் என்பதால், துண்டின் பின்புறம் ஸ்திரிக்கைச் சூட்டில் ஒட்டும் மெல்லிய துணியை முதலில் வைக்கவேண்டும். அச்சுக்கு மேல் நேரே சூடு படக்கூடாது. சதுரங்களாக வெட்டி இணைத்து, பஞ்சும் அடித்துணியும் வைத்துத் தைப்பார்கள். அவசரப்பட்டு நெஞ்சுப் படத்தை மட்டும் வெட்டி எடுப்பவர்களோடு எமக்குச் சிறு பிணக்கு உண்டு: முதுகில்தான் பெயர்கள் இருக்கும்.

1987 ஒக்டோபர் 11 இல் வாஷிங்டனில் எயிட்ஸ் நினைவுப் போர்வை முதன்முதலாக விரிக்கப்பட்டபோது அதில் 1,920 துண்டுகள் இருந்தன. ஒவ்வொன்றும் 3 அடிக்கு 6 அடி, ஒரு புதைகுழியின் அளவு. இறந்தவரின் உடுப்பையே சேர்த்துத் தைத்தவர்களும் உண்டு. எமது கிழக்கில் புதைகுழியே இல்லாமல் போனவர்கள் எத்தனை பேர்! அவர்களுடைய ரீசேட் ஒன்றாவது வீட்டுப் பெட்டியில் கிடந்தால், அதைக் கழுவுமுன் தாயிடம் ஒருதரம் கேட்டுக்கொள்ளுங்கள். சில தாய்மார் கழுவ விடமாட்டார்கள். அதை வெட்டாமல், மடித்தபடியே போர்வைக்குள் வைத்தும் தைக்கலாம். பின்புறத்தில் பெயரையும் ஊரையும் நூலால் எழுதுங்கள். பேனை மை கழுவக் கழுவப் போய்விடும்.