அமெரிக்க மருத்துவக் கல்வியில் கருக்கலைப்பு

1973 ஜனவரி 22 அன்று 'ரோ எதிர் வேட்' வழக்கில் தீர்ப்பு வரும்வரை, அமெரிக்க மருத்துவ மாணவர்கள் கருக்கலைப்பைப் பற்றிக் கற்றதெல்லாம் பெரும்பாலும் அதன் விபரீதங்களிலிருந்துதான். 1857இல் பாஸ்டன் மருத்துவர் ஹொரேஷியோ ஸ்டோரர் தொடங்கிய இயக்கமும் அதை ஏற்றுக்கொண்ட அமெரிக்க மருத்துவச் சங்கமும் மாநிலந்தோறும் தடைச் சட்டங்கள் வர வழி செய்தன. அதன்பின் கருக்கலைப்பு மறைவிடங்களுக்குப் போனது. கருப்பையில் சீழ்பிடித்து, காய்ச்சலும் ரத்தப்போக்குமாக வந்து சேர்ந்த பெண்களுக்கென்று சிகாகோ, லாஸ் ஏஞ்சல்ஸ் பொது மருத்துவமனைகளில் தனி வார்டுகளே இருந்தன. அங்கே இரவுப் பணி பார்த்த இளம் மருத்துவர்கள் சிலர்தான் 1973க்குப் பிறகு இந்தச் சிகிச்சையைத் துணிந்து கையில் எடுத்தார்கள்.

கருக்கலைப்பை நாடெங்கும் சட்டபூர்வமாக்கிய ரோ தீர்ப்பு சட்டத்தை மாற்றியது, பாடத்திட்டத்தைத் தொடவில்லை. அதே ஆண்டு நாடாளுமன்றம் நிறைவேற்றிய 'சர்ச் திருத்தம்', மனசாட்சியின் பேரில் மருத்துவமனைகளும் மருத்துவர்களும் விலகி நிற்க இடம் கொடுத்தது. உறிஞ்சு முறையில் சில நிமிடங்களில் முடியும் சிகிச்சைக்குப் பெரிய அறுவை அரங்கு தேவைப்படவில்லை. செலவு குறைந்த தனிக் கிளினிக்குகள் பெருகின. பெண்களுக்கு அது நன்மையே. ஆனால் மாணவர்கள் பயில்வது மருத்துவமனையில். 1990களின் தொடக்கத்தில் பத்தில் ஒரு கருக்கலைப்புகூட அங்கே நடக்கவில்லை. முதல் மூன்று மாதக் கருக்கலைப்பை வழக்கமான பயிற்சியாகத் தந்த மகப்பேறு மேற்பயிற்சித் திட்டங்கள் 1985இல் 23 சதவீதம். 1992இல் 12 சதவீதம். பழைய வார்டுகளைக் கண்ட தலைமுறையோ ஓய்வுபெற்றுக்கொண்டிருந்தது.

இழப்பு கருக்கலைப்போடு நிற்கவில்லை. தானாகக் கரு கலைந்து, பாதி உள்ளே தங்கிப்போன பெண்ணின் கருப்பையைச் சுத்தம் செய்வதற்கும் அதே கைத்திறன்தான் வேண்டும். கொள்கை எதுவானாலும், அதைக் கற்காத மகப்பேறு மருத்துவரின் பயிற்சி குறையுள்ளதே.

1993 இந்த வரலாற்றின் திருப்புமுனை. மார்ச் 10 அன்று ஃப்ளோரிடாவின் பென்சகோலாவில் கருக்கலைப்பு செய்துவந்த டாக்டர் டேவிட் கன் தன் கிளினிக்குக்கு வெளியே சுட்டுக் கொல்லப்பட்டார். அந்த வசந்தத்தில், கருக்கலைப்பு செய்யும் மருத்துவர்களைக் கொல்வதைக் கேலிப்பொருளாக்கிய துண்டுப் பிரசுரம் ஒன்று ஆயிரக்கணக்கான மருத்துவ மாணவர்களுக்குத் தபாலில் வந்தது. மிரட்டல் எதிர்விளைவையே தந்தது. சான் ஃபிரான்சிஸ்கோ மாணவி ஜோடி ஸ்டைனவர் முன்னின்று 'மெடிக்கல் ஸ்டூடன்ட்ஸ் ஃபார் சாய்ஸ்' என்ற அமைப்பைத் தொடங்கினார். 'எங்களுக்கு இதைக் கற்றுக்கொடுங்கள்' என்று மாணவர்களே கேட்டார்கள்.

மேற்பயிற்சிகளுக்கு அங்கீகாரம் தரும் குழு 1995இல் இறங்கிவந்தது. மகப்பேறு மேற்பயிற்சியில் கருக்கலைப்பும் இடம்பெற வேண்டும். மதம் அல்லது அறம் காரணமாக மறுப்பவரை வற்புறுத்தக் கூடாது. 1996 ஜனவரியில் விதி நடப்புக்கு வந்தது. அதே ஆண்டு 'கோட்ஸ் திருத்தம்' மூலம் நாடாளுமன்றம் அதன் பல்லைப் பிடுங்கியது: இந்தப் பயிற்சியைத் தராத திட்டத்தையும் அங்கீகாரம் பெற்றதாகவே அரசு கருத வேண்டும் என்றானது. ஆகவே மாற்றம் நிறுவனம் நிறுவனமாகத்தான் வந்தது. 1999இல் கலிஃபோர்னியாவில் தொடங்கிய ரையன் திட்டம் பல்கலைக்கழக மருத்துவமனைகளுக்குள் பயிற்சியைத் திரும்பக் கொண்டுவந்தது. 2002இல் நியூயார்க் நகரப் பொது மருத்துவமனைகளும் கருக்கலைப்பைப் பயிற்சியின் பகுதியாக்கின. கல்லூரி மாணவர்களுக்கோ நாடு தழுவிய விதி எதுவும் வரவில்லை. எவ்வளவு கற்பிப்பது என்பது அந்தந்தக் கல்லூரியின் விருப்பம்.

2022 ஜூன் 24 அன்று 'டாப்ஸ்' தீர்ப்பு ரோவை ரத்து செய்தது. பல மாநிலங்களில் தடை திரும்பியது. அங்கீகாரக் குழு அதே ஆண்டு விதியைத் திருத்தி, தடையுள்ள மாநிலத்தின் திட்டங்கள் தம் பயிற்சி மருத்துவர்களுக்குச் சட்டம் அனுமதிக்கும் வேறு மாநிலத்தில் பயில வழிசெய்ய வேண்டும் என்றது. டெக்சாஸ் போன்ற மாநிலங்களில் பயிலும் மருத்துவர்கள் இதற்காக வீட்டையும் வார்டையும் விட்டு வெளிமாநிலத்துக்குப் பயணம் செய்ய வேண்டியிருக்கிறது.