ஓசூருக்கு வேலைக்கு வந்த பிள்ளைகள்

புதிதாகச் சேர்ந்தவரை மதித்து வரவேற்பதற்கு இன்றைய கம்பெனிகள் ஒரு சடங்கு வைத்திருக்கின்றன. பூங்கொத்து, முத்திரை பதித்த பை, தண்ணீர் பாட்டில், மேலாளரோடு ஒரு படம். அதில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை, பெரிய செலவும் இல்லை. ஆனால் ஓசூரின் தொழில் வரலாற்றில் புதிய தொழிலாளிக்குக் கிடைத்த மதிப்பை அளக்க வேண்டுமென்றால் வேறு இரண்டு கேள்விகளைத்தான் கேட்கவேண்டும். வந்த அன்று இரவு அவர் எங்கே தங்கினார்? நிரந்தர ஆர்டர் எப்போது அவர் கைக்கு வந்தது? முதல் கேள்விக்கு எண்பதுகளில் இங்கே ஒரு நல்ல பதில் கிடைத்தது. இரண்டாவது கேள்வி இன்னும் இழுபறியில்தான் இருக்கிறது.

மாநில அரசு 1971இல் சிப்காட்டைத் தொடங்கி, அடுத்த சில ஆண்டுகளில் ஓசூரில் தொழில் வளாகம் அமைத்தபோது, அது பெங்களூருக்கு நாற்பது கிலோமீட்டரில் இருந்த எல்லைச் சிற்றூர். தமிழோடு தெலுங்கும் கன்னடமும் புழங்கும் ஊர். பின்தங்கிய பகுதி என்பதால் சலுகைகளும் உண்டு. 1980இல் அசோக் லேலண்ட் வந்தது, டி.வி.எஸ். மொபெட் வந்தது. டாடா குழுமமும் தமிழக அரசின் டிட்கோவும் கூட்டாக 1984இல் டைட்டன் நிறுவனத்தைத் தொடங்கிக் கைக்கடிகார ஆலையை ஓசூரில் அமைத்தபோதுதான் சிக்கல் வந்தது. கடிகாரத் தொழில் தெரிந்தவர்கள் எல்லைக்கு அந்தப் பக்கம், பெங்களூரில் இருந்தார்கள். அங்கே எச்.எம்.டி. 1961 முதல் ஜப்பானின் சிட்டிசன் நிறுவன உதவியோடு கடிகாரம் செய்துவந்தது. ஓசூரிலோ அந்தக் கைத்திறன் யாருக்கும் பழக்கமில்லை. செர்க்ஸஸ் தேசாய் தலைமையிலான நிர்வாகம் தமிழ்நாட்டின் சிற்றூர்களிலும் கிராமங்களிலும் பள்ளிப்படிப்பை முடித்த பதினேழு, பதினெட்டு வயதுப் பிள்ளைகளைத் தேடிப் பிடித்தது. வீட்டைவிட்டு ஓர் இரவும் வெளியே தங்காத பெண்பிள்ளையை ஊர்பேர் தெரியாத இடத்துக்கு அனுப்பப் பெற்றோர் எளிதில் இசைவார்களா? அதனால் நிறுவனம் பிள்ளைகளுக்குத் தங்குமிடம் பார்த்ததோடு, பெற்றோர் ஸ்தானத்தில் இருந்து கவனித்துக்கொள்ள வளர்ப்புப் பெற்றோரையும் ஏற்பாடு செய்தது. காய்ச்சல் வந்தால் கஞ்சி வைத்துக் கொடுக்க ஓர் ஆள் வேண்டும் என்பதை ஓர் ஆலை நிர்வாகம் உற்பத்தித் திட்டத்தின் பகுதியாகவே யோசித்தது, என் பார்வையில், இந்த வட்டாரத் தொழில் வரலாற்றில் அதிகம் பேசப்படாத நிகழ்வு.

இது வெறும் கணக்கு என்று சொல்பவர்கள் உண்டு. இளம் விரல்கள் நுண்வேலைக்கு ஏற்றவை, முன் அனுபவம் இல்லாதவரைத் தங்கள் விருப்பப்படி பழக்கலாம், சங்க வாடையும் இருக்காது. பெற்றோர் ஸ்தானம் என்பது ஷிஃப்ட் முடிந்த பிறகும் தொடரும் கண்காணிப்பு. இதில் பாதி உண்மைதான், கணக்கில்லாமல் எந்த ஆலையும் ஆள் எடுப்பதில்லை. உறவின் பேரைச் சொல்லி ஆள் சேர்ப்பதும் நமக்குப் புதிதல்ல. இலங்கையின் காப்பி, தேயிலைத் தோட்டங்களுக்குத் தமிழ் மாவட்டங்களிலிருந்து ஆள் திரட்டிய கங்காணி பலநேரம் சொந்த ஊர்க்காரர், சொந்தக்காரர். அவர் கொடுத்த முன்பணத்தில்தான் பயணமே தொடங்கியது. தோட்டத்தில் காலடி வைக்கும்போதே தொழிலாளி கடனாளி. அந்தக் கடனைத் துண்டுச்சீட்டில் எழுதி, ஒரு தோட்டத்திலிருந்து இன்னொன்றுக்கு ஆளோடு சேர்த்துக் கைமாற்றினார்கள். 1921இல்தான் துண்டு முறை ஒழிந்தது. நம் காலத்திலேயே கோவை, திருப்பூர், திண்டுக்கல் பக்கத்து நூற்பாலைகளில் சுமங்கலித் திட்டம் என்று மங்கலமான பெயரில் ஒன்று நடந்தது. மூன்று ஆண்டு முடித்தால் கல்யாணத்துக்கு மொத்தப் பணம் என்பது வாக்கு. இடையில் உடம்புக்கு முடியாமல் நின்றுவிட்டால் அந்தப் பணம் கைக்கு வருமா என்பதே கேள்வியாகிவிடும். ஆகவே அன்பான பேச்சை வைத்து எதையும் தீர்மானிக்க முடியாது. முதல் மாதத்தில் யார் யாருக்குக் கடன்பட்டிருந்தார்கள் என்று பார்க்கவேண்டும். கங்காணி முறையில் தொழிலாளி கடன்பட்டார். சுமங்கலித் திட்டத்தில் ஆலையே தொழிலாளிக்குக் கடன்பட்டிருந்தது, ஆனால் பிடி ஆலையின் கையில். டைட்டன் ஏற்பாட்டில் இந்த இரண்டு முடிச்சும் இல்லை. பின்னால் கட்டடக் கலைஞர் சார்லஸ் கோரியாவை வைத்து ஊழியர் குடியிருப்பு கட்டும் அளவுக்கு நிறுவனத்தின் யோசனை நீண்டதையும் இதோடு சேர்த்துப் பார்க்கலாம். நாளையே போய்விடுவார் என்று நினைப்பவருக்காக யாரும் வீடு கட்டுவதில்லை.

இரண்டாவது கேள்விக்கு வருவோம். தமிழ்நாட்டில் 1981இல் ஒரு சட்டம் இயற்றப்பட்டது. இருபத்துநான்கு மாதங்களுக்குள் 480 நாள் தொடர்ந்து வேலை செய்த தொழிலாளியை நிரந்தரமாக்க வேண்டும் என்பது அதன் சாரம். ஓசூரில் ஆலைகள் பெருகிய அதே காலத்துச் சட்டம். 'பர்மனென்ட்' ஆகிவிட்டான் என்றால் பெண் கொடுக்கிறவரும் கடன் கொடுக்கிறவரும் முகம் மலர்வார்கள். எந்தப் பூங்கொத்தும் அந்தச் சொல்லுக்கு ஈடாகாது. ஆனால் 480 நாள் நிறையும் முன்பே கணக்கு முடித்து அனுப்பிவிட்டுப் புது ஆளை எடுப்பதும், கான்ட்ராக்டர் பெயரில் எடுப்பதும், அப்ரன்டிஸ் என்று எழுதிக்கொள்வதும் இந்தச் சட்டத்தைச் சுற்றிக்கொண்டு போகும் வழிகளாயின. 1961ஆம் ஆண்டு அப்ரன்டிஸ் சட்டப்படி பயிற்சியாளர் தொழிலாளியே அல்ல. ஆக ஒரே லைனில், ஒரே சீருடையில் நிற்கும் இருவரில் ஒருவருக்குச் சேர்ந்த நாள் ஒரு தொடக்கம், மற்றவருக்கு அது முடிவு தேதி குறித்த சீட்டு. ஆர்டருக்கு ஏற்றம் இறக்கம் உண்டு, எல்லாரையும் நிரந்தரமாக்கினால் ஆலை தாங்காது என்பார்கள். ஏற்ற இறக்கத்துக்குத் தற்காலிக ஆள் எடுப்பது நியாயமே. ஆனால் ஆண்டு முழுவதும் நிற்காமல் ஓடும் லைனில் ஆளை மட்டும் மாற்றிக்கொண்டே இருப்பதற்கு அந்தக் காரணம் பொருந்தாது.

இப்போது ஓசூர் அடங்கிய கிருஷ்ணகிரி மாவட்டம் மறுபடியும் இளம்பெண்களை நம்பி நிற்கிறது. போச்சம்பள்ளி ஆலையைப் பத்தாயிரம் பெண்களே நடத்துவார்கள் என்று மின்ஸ்கூட்டர் நிறுவனமான ஓலா 2021இல் அறிவித்தது. ஓசூர்ப் பக்கத்து டாடா ஐபோன் ஆலைக்காக ராஞ்சி, ஹசாரிபாக் பகுதிகளின் பழங்குடிப் பெண்கள் ஆறாயிரம் பேருக்குப் பயிற்சி அளிக்கப்பட்டிருப்பதாக மத்திய அமைச்சர் அஷ்வினி வைஷ்ணவ் 2022 நவம்பரில் சொன்னார். இத்தனை ஆயிரம் பேருக்கு வளர்ப்புப் பெற்றோரைத் தேடுவது நடக்காது, ஹாஸ்டல்தான் வழி. அதை ஏற்கலாம். ஆனால் எண்பதுகளில் வந்த பிள்ளைக்குச் சேலமோ தருமபுரியோ ஒரு பஸ் தூரம், வார்டனிடம் தமிழில் சண்டையும் போடலாம். ஜார்க்கண்டிலிருந்து வந்த பெண்ணுக்கு வீடு இரண்டு நாள் ரயில் தூரத்தில் இருக்கிறது. வயிற்றுவலியைக்கூட வேற்று மொழியில்தான் சொல்லவேண்டும். முதல் கேள்விக்கான செலவு முன்பைவிட இப்போதுதான் கூடுதல். இரண்டாவதற்கு ஆள் எண்ணிக்கை ஒரு சாக்கே அல்ல: 480 நாள் என்பது நூறு பேருக்கும் அறுபதாயிரம் பேருக்கும் ஒரே 480 நாள்தான்.